கண்ணுக்குத் தெரியும் மேடும் கண்ணுக்குத் தெரியாத புகையும்

கோலார் தங்கவயலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எவரும் சிரிப்பார்கள். சென்னைத் துறைமுகம் இங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர். நம் பிள்ளைகளில் பலர் கப்பலைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் நாம் ஒவ்வொருவரும் தினமும் கப்பலைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் விற்கும் உளுந்தில் ஒரு பங்கு பர்மாவில் விளைந்தது. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. பட்டாணியில் கனடா சரக்கு உண்டு. உலக வணிகச் சரக்கில், எடைக்கணக்கில், 80 சதவீதத்துக்கு மேல் கப்பலில்தான் போகிறது என்பது ஐக்கிய நாடுகள் சபையின் வணிக அமைப்பு தரும் கணக்கு.

இந்தக் கப்பல்கள் எதை எரித்து ஓடுகின்றன, அதற்கு மாற்று என்ன, அதை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். புத்தகத்தை வைத்து இதைச் சொல்லிக்கொடுப்பதை விட, சாம்பியன் ரீப்ஸ் தெருவில் பிள்ளைகளை நிறுத்திச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஏன் என்று பார்ப்போம்.

மேடு சொல்லும் கணக்கு

தங்கவயலில் பிறந்த பிள்ளைக்கு சயனைடு மேட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாறையை வெட்டி, அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்தான் அந்த மேடு. இங்கே இப்படி 13 குவியல்கள் இருக்கின்றன. மொத்தம் சுமார் 3.3 கோடி டன் என்பது மதிப்பீடு. சுமார் 120 ஆண்டுகளில் இந்தச் சுரங்கங்கள் தந்த தங்கம் 800 டன்னுக்கு மேல்.

இப்போது வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் தங்கத்துக்கு ஏறத்தாழ 41 கிலோ கழிவு. ஒரு பவுன் நகைக்கு 330 கிலோ! பவுன் ஊரை விட்டுப் போய்விட்டது, 330 கிலோ இங்கேயே தங்கிவிட்டது. ஆடி மாதக் காற்றில் அந்தத் தூசி யார் வீட்டுக்குள் போகிறது என்பதை நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

வியாபாரக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது சட்டென்று புரியும். சுரங்கக் கம்பெனியின் பேரேட்டில் கூலி இருந்தது, வெடிமருந்து இருந்தது, மின்சாரக் கட்டணம் இருந்தது. இந்த மேட்டுக்கு மட்டும் பற்று எழுதப்படவில்லை. எழுதாமல் விட்ட பற்று அழிந்து போவதில்லை, வேறொருவர் தலையில் ஏறுகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பற்று மட்டும் மூடப்படவில்லை. இந்த 13 குவியல்களிலும் மீண்டும் தங்கம் பிரிக்கும் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. கணக்கு இன்னும் முடியவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கப்பலின் மேடு எங்கே?

பெரிய சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் எரிப்பது பர்னஸ் ஆயில் போன்ற கனமான எண்ணெய். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பின் அடியில் நிற்கிற கசடு என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிவு, அழுக்கு அதிகம். ஒரு பெரிய கண்டெய்னர் கப்பல் முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு நூறு டன்னுக்கு மேல் எரிக்கும்.

ஒரு டன் எண்ணெய் எரிந்தால் சுமார் 3.1 டன் கரியமில வாயு உண்டாகிறது. ஒன்று எப்படி மூன்றாகும் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. சேர்ந்த பிராணவாயுவின் எடையும் அதில் வந்துவிடுகிறது, அதனால்தான். இப்படி உலகக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து 2018இல் வெளிவிட்டது ஏறத்தாழ 107 கோடி டன். மனிதர்களால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் இது 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கழிவு மேடாக நின்றால் கண்ணில் படும். காற்றில் கரைந்து போவதால் படவில்லை, அவ்வளவே வித்தியாசம். சயனைடு மேட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு "கப்பலுக்கும் இப்படி ஒரு மேடு உண்டு, அது ஆகாயத்தில் இருக்கிறது" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

இதற்காகக் கப்பலையே குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகப் பெரிய கப்பலுக்கு ஏறத்தாழ 10 கிராம் கரியமில வாயு ஆகிறது. லாரிக்கு 60 முதல் 100 கிராம் வரை ஆகும். ரங்கூனிலிருந்து சென்னை வரை சுமார் 2000 கிலோமீட்டர் கடலில் வந்த உளுந்தும், சென்னையிலிருந்து இங்கே 250 கிலோமீட்டர் லாரியில் வந்த அதே உளுந்தும் ஏறக்குறைய ஒரே அளவு புகையை விட்டிருக்கும். கப்பல் சிக்கனமான வாகனம்தான். ஆனால் சரக்கின் அளவு மலைபோல் இருப்பதால் மொத்தப் புகையும் மலைபோல் ஆகிவிடுகிறது.

1902இல் நம் ஊர் மாறிய விதம்

"அவ்வளவு பெரிய தொழில் எரிபொருளை மாற்ற முடியுமா? நடக்கிற காரியமா?" என்று பெரியவர்களே கேட்கிறார்கள். நடந்திருக்கிறது. நம் ஊரிலேயே நடந்திருக்கிறது.

தங்கவயலில் ஆரம்பத்தில் எல்லாமே நீராவி. ஆட்களையும் பாறையையும் தூக்கும் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் பம்பு, பாறையை இடிக்கும் மில் எல்லாவற்றுக்கும் விறகும் நிலக்கரியும் எரிந்தன. சுரங்கம் ஆழமாக ஆழமாகச் செலவு ஏறியது. அப்போதுதான் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற திட்டம் வந்தது. மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் அதற்குத் துணை நின்றார். ராணுவப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியேர் திட்டம் வகுத்தார். சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் கம்பெனி, மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தது. 1902 ஜூன் 30ஆம் தேதி 92 மைல் தூரம் கம்பி வழியாக மின்சாரம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் உலகமே வியந்த தூரம் அது. பெங்களூர்த் தெருவிளக்குக்கு 1905 ஆகஸ்டில்தான் மின்சாரம் கிடைத்தது. சேஷாத்ரி ஐயர் இதைக் காணவில்லை, 1901இலேயே காலமாகிவிட்டார்.

இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று, வாங்குகிறவன் கையெழுத்துப் போட்ட பிறகே மின்நிலையம் எழுந்தது. புதிய எரிபொருளுக்கு முதலில் வேண்டியது நிச்சயமான வாடிக்கையாளர்.

இரண்டு, இயந்திரத்தை மட்டும் மாற்றினால் போதவில்லை. அணைக்கட்டு, கால்வாய், கம்பிப் பாதை, துணை மின்நிலையம் என்று ஒரு வரிசையே வேண்டியிருந்தது. கப்பலுக்கும் அப்படித்தான். புதிய என்ஜின் மட்டும் இருந்து, துறைமுகத்தில் அந்த எரிபொருள் கிடைக்காவிட்டால் என்ன பயன்?

மூன்று, கோடையில் காவிரி வற்றினால் மின்சாரம் குறையும். தங்கவயலுக்குத் தடையில்லாமல் மின்சாரம் தர வேண்டும் என்பதும், 1911இல் வேலை தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையின் நோக்கங்களில் ஒன்று. வெயிலும் காற்றும் சதா கிடைப்பதில்லையே என்று இன்று சொல்கிறார்களே, அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் காலத்திலேயே கண்ட விடை 'சேமித்து வை' என்பது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மின்சாரம் சுத்தமாக வந்தது, மேடு வளர்ந்துகொண்டேதான் போனது. எரிபொருள் சுத்தமாகிவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது தப்புக் கணக்கு. கப்பலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

கப்பலுக்கு மாற்று என்னென்ன?

முதலாவது, காற்று. தமிழனுக்கு இது புதிதல்ல. காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்தியவரின் வழிவந்தவன் என்று கரிகாலனைப் போற்றுகிறது வெண்ணிக் குயத்தியாரின் புறநானூற்று 66ஆம் பாட்டு. தூத்துக்குடித் தோணிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாய் விரித்தே கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போயின. இப்போது அதே காற்று வேறு உருவில் திரும்பி வருகிறது. 2023 ஆகஸ்டில் 'பிக்ஸிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு கெட்டியான இறக்கைகளை நிறுத்திக்கொண்டு ஷாங்காயிலிருந்து பிரேசிலுக்குப் புறப்பட்டது. முதல் ஆறு மாதத்தில் சராசரியாக நாளுக்கு 3 டன் எண்ணெய் மிச்சமானது என்று அறிவித்தார்கள். முழுக்கக் காற்றிலேயே ஓடவில்லை, என்ஜினுக்குக் கைகொடுத்தது.

இரண்டாவது, மெத்தனால் என்ற சாராய வகை. இதைக் குடித்தால் ஆபத்து, எரித்தால் கப்பல் ஓடும். பயிர்க்கழிவிலிருந்தோ, சூரிய மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து பிரித்த ஹைட்ரஜனோடு கரியமில வாயுவைச் சேர்த்தோ செய்தால் அதைப் பசுமை மெத்தனால் என்பார்கள். 'லாரா மெர்ஸ்க்' என்ற கண்டெய்னர் கப்பல் 2023இல் இதை எரித்துக் கொரியாவிலிருந்து டென்மார்க் போய்ச் சேர்ந்தது. குறை என்னவென்றால் அதே தூரம் போக இரண்டு மடங்குக்கு மேல் தொட்டி வேண்டும், விலையும் அதிகம்.

மூன்றாவது, அம்மோனியா. இதில் கரி அறவே இல்லை. ஆனால் விஷ வாயு. கசிந்தால் மாலுமியின் உயிருக்கே ஆபத்து. சுரங்கத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு, சுத்தம் என்ற பெயரில் ஆபத்தைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது, பேட்டரி. ஆற்றிலும் காயலிலும் குறைந்த தூரத்துக்கு அருமை. கேரளத்தில் வைக்கம்-தவணக்கடவு இடையே 75 பேர் போகும் 'ஆதித்யா' என்ற சூரிய மின்படகு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. ஆனால் மாக்கடலைக் கடக்க வேண்டுமானால் பேட்டரியின் எடையே சரக்கின் இடத்தைத் தின்றுவிடும்.

ஐந்தாவது மாற்றுக்கு ஒரு பைசா எரிபொருள் செலவு இல்லை: மெதுவாகப் போவது. கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்கு, என்ஜினின் திறன் எட்டு மடங்கு வேண்டும். மாறாக வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால், பயணம் கொஞ்சம் நீண்டாலும், மொத்த எண்ணெயில் ஏறத்தாழ 20 சதவீதம் மிச்சம்.

சட்டமும் மெல்ல வருகிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கப்பல் எண்ணெயில் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தை 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதமாகக் குறைத்தது. 2050 வாக்கில் வெப்ப வாயுக்களை நிகர பூஜ்யமாக்குவது என்று 2023இல் இலக்கு வைத்தது. அதற்காகப் புகைக்குக் கட்டணம் வைக்கும் விதிகளுக்கு 2025 ஏப்ரலில் இசைவு கிடைத்தது. ஆனால் அக்டோபரில் நாடுகளுக்குள் கருத்து வேறுபட்டு, முடிவை ஓராண்டு தள்ளிவைத்தார்கள். எழுதாமல் விட்ட பற்றைப் பேரேட்டில் ஏற்றுவது இவ்வளவு கஷ்டமான காரியம்!

வீண் எது, தேவை எது?

சமண இல்லறத்தாருக்குரிய விரதங்களில் அனர்த்த தண்டம் தவிர்த்தல் என்று ஒன்று உண்டு. பயனே இல்லாமல் செய்யும் தீங்கை விடுவது என்பது பொருள். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இது விரிவாக வருகிறது. தமிழில் அருங்கலச்செப்பு அதையொட்டி எழுந்த நூல். காரணமில்லாமல் மண்ணைத் தோண்டுவது, நீரைப் பாழாக்குவது, தீ மூட்டுவது, மரம் செடிகளை வெட்டுவது, வீணாக அலைவது, பிறரையும் அலைய வைப்பது எல்லாம் இதில் அடக்கம். இல்லறத்தான் தீயே மூட்டாமல் வாழ முடியாது என்பது அந்த ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆகவே தீயை விடு என்று அவர்கள் சொல்லவில்லை, வீண் தீயை விடு என்றார்கள்.

கப்பல் தொழிலில் வீண் தீ எங்கே இருக்கிறது? பல கப்பல்கள் முழு வேகத்தில் எண்ணெயை எரித்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடி வருகின்றன. வந்த பிறகு இடம் காலியில்லை என்று வெளியே நங்கூரம் போட்டு நாள்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. டெமரேஜ் கட்டிய வியாபாரிகளுக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். துறைமுகம் "இந்த நாளில் வா" என்று முன்பே சொல்லி, கப்பலும் அதற்குத் தக்கபடி நிதானமாக வந்தால் எவ்வளவு மிச்சம்! இதற்குப் புது எரிபொருள் வேண்டாம், ஒழுங்கு போதும்.

திக் விரதம் என்று இன்னொன்று உண்டு. எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போவேன் என்று வணிகன் தனக்குத் தானே எல்லை வைத்துக்கொள்வது. கோலார் மண்ணில் கேழ்வரகும் தக்காளியும் மாம்பழமும் செழித்து விளையும்போது, கடல் கடந்து வந்த பழம்தான் உசத்தி என்று வாங்குவதற்கு முன் இந்த விரதத்தை ஒருமுறை நினைக்கலாம்.

பள்ளியை வெளியே கொண்டுபோவோம்

பள்ளி என்ற சொல் முதலில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்தைக் குறித்தது. அங்கே கல்வியும் தந்ததால் பள்ளிக்கூடம் ஆயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தப் பள்ளிகள் குகையிலும் பாறையிலும் மரத்தடியிலும் இருந்தவை. பின்னாளில் நம் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் படித்தார்கள். 1901இல் தாகூர் சாந்திநிகேதனத்தில் மரத்தடியில் வகுப்பு வைத்தார். 1937இல் காந்தியடிகள் வார்தாவில், கைத்தொழிலோடு சேர்ந்த கல்வியே கல்வி என்றார். நான்கு சுவருக்குள் அடைத்து வைப்பதுதான் பிற்காலத்துப் பழக்கம்.

நம் சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், செலவில்லாமல் நான்கு பாடங்கள் நடத்தலாம்.

முதல் பாடம் மேடு. சாலையில் நின்றபடி தூரத்திலிருந்து பார்த்தால் போதும். தூசியும் ரசாயனமும் உள்ள இடம், ஏறவிடக் கூடாது. ஒரு பவுனுக்கு 330 கிலோ என்ற வகுத்தல் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்.

இரண்டாம் பாடம் காற்று. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கு கொண்டல், மேற்கு கோடை. மைதானத்தில் ஒரு நூலில் காகிதத் துண்டைக் கட்டித் திசை பார்த்து, காற்றின் பெயரைப் பிள்ளையே சொல்ல வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு நல்ல தமிழ்ச் சொற்களை இப்படித்தான் மறக்காமல் கற்பார்கள்.

மூன்றாம் பாடம் தண்ணீர். ஓர் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, பிளாஸ்டிக் டப்பா மூடியில் காகிதப் பாய் நட்டு, பக்கவாட்டில் விசிறச் சொல்லுங்கள். மூடி பக்கவாட்டிலேயே நழுவும். அடியில் ஓர் அட்டையை நெட்டுக்குத்தாக ஒட்டி, பாயைச் சற்றுச் சாய்த்து வைத்து மறுபடி விசிறினால் முன்னே நகரும். பக்கக் காற்றிலும் கலம் முன்னேறும் ரகசியம் இதுதான். பிறகு விரித்த கையை அதே தண்ணீரில் மெதுவாகவும் வேகமாகவும் தள்ளச் சொல்லுங்கள். மெதுவாகப் போனால் ஏன் எண்ணெய் மிச்சம் என்பதைக் கையே சொல்லிவிடும்.

நான்காம் பாடம் கடை. மளிகைக் கடைகளில் மூட்டையையும் டின்னையும் பார்த்து எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதி வந்து, உலகப் படத்தில் நூல் கட்டட்டும். வியாபாரிகள் மறுக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு!

வசதி உள்ளபோது ஆண்டுக்கு ஒரு முறை தூத்துக்குடி மாவட்டத்துக்கு அழைத்துப் போகலாம். அங்கே கழுகுமலையில், வெட்டவெளிப் பாறையில், சுமார் 1200 ஆண்டுகளுக்கு முந்திய சமணத் திருமேனிகள் இருக்கின்றன. ஆசிரியர்கள், மாணாக்கர்கள் பெயர்கள் அங்கே கல்வெட்டில் உள்ளன, குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்களில் உண்டு. அதே மாவட்டத்தில்தான் 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தில், அவர் பிறந்த நாளான செப்டம்பர் 5 அன்று, 2025இல், மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தயாரிக்கும் மாதிரி ஆலை தொடங்கப்பட்டது. 750 கன மீட்டர் பசுமை மெத்தனால் நிரப்பும் நிலையத்துக்கும் அன்று அடிக்கல் நாட்டினார்கள். முன்னதாக 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில், கொச்சி கப்பல் தளம் கட்டிய ஹைட்ரஜன் படகைப் பிரதமர் தொடங்கிவைத்தார். நம் சுரங்கம் மூடிய அதே தேதி. தற்செயல்தான், ஆனாலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க தற்செயல்.

மணிக்கு 10 கன மீட்டர் என்பது ஒரு பெரிய கப்பலுக்கு மூக்கில் தடவவும் காணாது. சிறிய தொடக்கம்தான். 1902இல் நம் ஊருக்கு வந்ததும் சுமார் 4000 குதிரைத்திறன்தான். இன்றைய ஒரு பெரிய கண்டெய்னர் கப்பலின் என்ஜின் அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

தங்கவயல் பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் கப்பல் என்ஜின் வரையலாம், ஒருவர் துறைமுகக் கணக்கு எழுதலாம், ஒருவர் சரக்கு வாங்கி விற்கலாம். எந்த வேலையானாலும் "இதன் மேடு எங்கே, அதற்கு யார் பற்று எழுதுகிறார்கள்?" என்று கேட்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கற்க இந்த ஊரை விடச் சிறந்த வகுப்பறை கிடையாது. ஆகவே வருகிற தை மாத முதல் ஞாயிறன்றே தொடங்குவோம். அண்டாவை நான் கொண்டு வருகிறேன்.